சரசு வீட்டுக் கிணறு

1961 நவம்பர் 7, செவ்வாய்

விடியவே மழை. சைக்கிள் சில்லு முழுக்கச் சேறு. குடியேற்றத்திட்டத்தில் கர்ப்பிணிகள் இருக்கும் ஐந்து வீடு பார்க்க இருந்தது, மூன்றுதான் முடிந்தது. சரசுவுக்கு எட்டாம் மாதம் கடைசி. கால் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

மூத்தவன் யோகன் என் கையில் பிறந்தவன். இப்போது ஓடித் திரிகிறான். கிணற்றுக்குக் கட்டும் இல்லை, வேலியும் இல்லை. மாரித் தண்ணீர் விளிம்புவரை. வேலிக்கு நாலு கதியால் கம்பாவது நடச் சொன்னேன். புருஷன் செல்லத்துரை சிரித்தான். மருத்துவிச்சி என்பதால் ‘மிசி’ என்ற மரியாதை மட்டும் குறைவில்லை.

“மனுசி வயித்துப்பிள்ளையோட இருக்கேக்க நிலத்தில அலவாங்கு போட்டுக் கிண்டக் கூடாது, மிசி. பிள்ளை பிறக்கட்டும். உடனை அடைக்கிறன்.”

வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், நூல்.

நவம்பர் 9, வியாழன்

கொஞ்சம் வெயில். கிளினிக். கிணறு, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு, கொதிதண்ணீர் எல்லாம் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தாய்மாருக்குச் சொன்னேன். பாதிப் பேர் கொட்டாவி. பின்னால் ஒரு குரல்: “ஏன் இவா எந்த நேரமும் பிள்ளை விழும் எண்டு அவச்சொல் சொல்லுறா?”

திட்டத்துக் கிணறுகளுக்கு வேலி போட ஆள் தரும்படி மேலதிகாரியிடம் கேட்டேன்.

“நீங்க பிள்ளைப்பேறைப் பாருங்கோ. கிணறு எங்கட வேலை இல்லை.”

பிறகு யாருடைய வேலை? பகல் முழுக்க எரிச்சல். தலையிடி.

நவம்பர் 13, திங்கள்

மழை. மறுபடி சரசு வீடு. நிலத்தைத் தோண்டாமல் முள் போடலாம்தானே என்றேன். செல்லத்துரைக்கு அது சரியாகப் பட்டது. இலந்தை முள் வெட்டி, இரண்டு பேருமாகக் கிணற்றைச் சுற்றிப் போட்டோம். புறங்கை முழுக்கக் கீறல். வீட்டுக்கு வந்து மீன்குழம்பும் சோறும். பல நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 18, சனி

யோகன் போய்விட்டான்.

தண்ணீர் அள்ள ஒரு பக்கத்து முள்ளை ஒதுக்கியிருக்கிறாள் சரசு. குனிந்து திரும்ப இழுத்துவைக்க வயிறு விடவில்லை. வாளியைக் குசினியில் வைத்துவிட்டு வருவதற்குள். நான் போனபோது முற்றத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். அரைஞாண் கயிற்றில் இன்னும் ஈரம்.

“மிசி முதலே சொன்னவா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் முகத்தைப் பார்க்காமல். மற்றவர்களும் பார்க்கவில்லை.

நிறைமாதக்காரி எப்படிக் குனிவாள் என்று மருத்துவிச்சி எனக்கே தோன்றவில்லையே.

நவம்பர் 21, செவ்வாய்

மழை. போக வேண்டிய வீடுகளுக்குப் போகவில்லை. சரசு வீட்டு வரிசையில் மட்டும் எத்தனை திறந்த கிணறு. யாரிடம் சொல்வது? சொன்னால் அவச்சொல்.

டிசம்பர் 6, புதன்

சரசுவுக்குப் பெண்பிள்ளை. சுகப்பிரசவம். பிள்ளை அழுத சத்தம் கேட்டதுமே வெளியே அலவாங்கு விழத் தொடங்கியது. செல்லத்துரை இன்னும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அது என்ன சத்தம், மிசி?” என்றாள் சரசு.

“கிணத்துக்கு வேலி.”

பிள்ளையைத் துடைத்து நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.