உங்கள் தம்பி பிடித்துத் தந்த மென்பொருள்

என்னங்க, வணக்கம். முட்டிவலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோயில்லை.

நம் தையல் கடைக் கணினியில் நான் போட்டுத் தந்த இலவச மென்பொருளைத் தூக்கிவிட்டு, "ஓசியில வர்றது உருப்படியா இருக்குமா?" என்ற உங்கள் தம்பியை நம்பி வேறொன்றை வாங்கினீர்கள். இப்போது சந்தா முடிந்ததும், நான் வரைந்த எம்பிராய்டரி டிசைன் எதுவும் திறக்கவில்லை என்று என்னிடமே புலம்புகிறீர்கள்.

இந்த ஊரில் என் அலுவலக மேலாளரும் அப்படிச் சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கக் கிளம்பினார். "நாளைக்கு நம்ம கட்டட பிளானை நாமளே திறக்க அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட கெஞ்சணும் சார்!" என்று கத்திவிட்டேன். என்னை ஜன்னலில்லாத அறைக்கு மாற்றிவிட்டார். கவலை வேண்டாம், அங்கே பேச்சுக்குக்கூட ஆளில்லை, வேலை நன்றாக ஓடுகிறது.

டிசைன்களின் நகல் என்னிடம் இருக்கிறது. சும்மா அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

பேருந்து வந்துவிட்டது. நீங்கள் கூப்பிடும்போது, டிசைனைக் கேட்டதும் உடனே போனை வைத்துவிடாதீர்கள்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி