பல் வைத்தியர் நாற்காலி

தம்பிக்கு,

ஆறு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் நீ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த அப்பாவின் பல் வைத்திய நாற்காலியை, வாரம் மூன்று நாள் நான்தான் துடைக்கிறேன். தன்னார்வலனுக்குச் சம்பளம் கிடையாது. பருத்திக் கையுறை மட்டும் தருகிறார்கள். ஏறி உட்காரும் பிள்ளைகளை இறக்கிவிட்டே இடுப்பு போய்விட்டது.

பலகையில் 'மருத்துவரின் மகன் வழங்கியது' என்று இருக்கிறது. நேற்று ஒரு அம்மா, "அவருக்கு ஒரே பிள்ளையா சார்?" என்றார். "ஆமாம்மா" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

இன்னொரு மகனையும் பலகையில் சேர்க்க, கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம். "தம்பிதானே சார், ஒரு போன் போடுங்களேன்" என்று காப்பாளர் சிரிக்கிறார். அவருக்கென்ன தெரியும்.

படிவம் உள்ளே இருக்கிறது. நான் ஒன்றும் கெஞ்சவில்லை. பதில் உறையில் தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

அண்ணன்