யானை கேட்கிறார்கள், அம்மா

கொஞ்சினாலும் ஏசினாலும் "ஏட்டி" என்று ஒரே குரலில் கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உன்னிடம் இனி அதைக் கேட்க முடியாது. அதனால் இங்கே உள்ள சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருக்கிறார். எஸ்டேட் லயத்து வீடும் நம் கையில்தான் இருக்கிறது. அது எப்படி நம் கையில் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கேட்டால் நீ ஏசுவாய். ஏசிக்கொள்.

உன்னை மண்ணில் வைத்த மறு வாரமே அப்பா விழுந்தார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இடது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு வருகிறது, ஆனால் கோணலாக வருகிறது. நான்தான் குளிப்பாட்டுகிறேன். முதல் நாள் வெட்கப்பட்டு அழுதார். இப்போது சோப்பு கண்ணில் படுகிறது என்று சண்டைக்கு வருகிறார். உனக்காக அரசாங்கம் முதலில் கொடுத்த பணம் அவருடைய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. மீதிக்கு அந்த சர்டிபிகேட், இந்த சர்டிபிகேட் என்று அலைய விடுகிறார்கள்.

உன்னைக் கொன்ற யானை இப்போது பெரிய ஆள், தெரியுமா? விடியற்காலைப் பனிமூட்டத்தில் பேர் கொடுக்க மஸ்டருக்குப் போன உங்கள் கூட்டத்துக்குக் குறுக்கே அது வந்ததும், மற்றவர்கள் ஓடிப் பிழைத்ததும், உன் முழங்கால் உன்னை ஓட விடாததும் டிவியில் நாள் முழுக்க ஓடின. அதற்குப் பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே சூரியநெல்லிக்கு ஆட்கள் வருகிறார்கள். போனில் அதற்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஜீப்காரர்கள் ஒரு செல்லப்பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை உன்னிடம் சொல்ல மாட்டேன்.

பேரைச் சொல்லிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வருகிறார்கள். ஜீப் நிற்கிற இடத்தை ஒட்டி நான் போட்டிருக்கும் பலகையைக் கடை என்று சொல்வது நீ ஒருத்திதான். கழுத்தில் போடுகிறது, காதில் போடுகிறது, மோதிரம், எல்லாம் ஓடைக் கல்லும் செம்புக் கம்பியும். கல்லில் துளை போடுவதில்லை, பசை வைப்பதில்லை. கம்பியையே கூடாக முறுக்கிக் கல்லைப் பிடித்து நிறுத்த வேண்டும். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கம்பி வாங்கிவர அப்பா. தேயிலைக் கொழுந்துப் பையின் அடியில் ஓடையில் பொறுக்கிய வெள்ளை வெங்கச்சங்கல்லைப் போட்டுக்கொண்டு வர நீ. "எடை போடுறவன் என்னைக்காவது பிடிச்சான்னா, கல்லு பறிச்சேன்னு சொல்லிருவேன்" என்பாய். செம்பு பழைய நகை மாதிரி கறுக்க வேண்டும் என்று அவித்த முட்டையோடு சேர்த்து டப்பாவில் மூடி வைப்பேன். மறுநாள் நகையைப் பத்திரமாக என்னிடம் கொடுத்துவிட்டு முட்டையை நீ தின்றுவிடுவாய்.

யானை செய்யச் சொன்னதும் நீதானே அம்மா? பூ, இலை, சங்கு என்று நான் முறுக்கி முறுக்கி வைத்ததெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நீ ஒரு நாள் பலகை முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

"ஏட்டி, மலையேறி வர்றவுக பூப் பாக்கவா வர்றாக? ஆனை பாக்க வர்றாக. ஆனையச் செய்யி."

வெட்டாத ஒரே கம்பியில் செய்தேன். தும்பிக்கையில் ஆரம்பித்து, முதுகில் ஏறி, கல்லைச் சுற்றி வயிறாக்கி, நாலு காலாக இறங்கி, வாலில் முடியும். முதல் சீசனில் செய்தது எல்லாம் விற்றுப் போயிற்று. அன்றைக்குத்தான் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து நீ அந்தச் சத்தியத்தை வாங்கினாய். கொழுந்துக் கறையில் கறுத்து வெடித்த உன் கட்டைவிரல் என் உள்ளங்கையை அறுத்தது.

"இந்தக் கையி கொழுந்து தொடக் கூடாது. தொட்டியோ, என் வீட்டுச் சோத்துல கை வைக்க விடமாட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். யார் தொடப்போகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு தைரியம்.

உன் காரியம் முடிந்த பிறகு சூப்பர்வைசர் தங்கராசு மாமா வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் சட்டம் உனக்குத் தெரியாததா? வேலைக்கு ஆள் இருக்கிற வரைக்கும்தான் வீடு. அப்பா பேக்டரியிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். வீடு உன் பேரில் ஓடிக்கொண்டிருந்தது.

"பேச்சியம்மா பேருக்குப் பதிலா நீ பேர் பதிஞ்சேன்னா வீடு உங்களுக்குத்தான் தாயி. இல்லேன்னா சாவிய ஒப்படைக்கணும். நான் சொல்லல, ஆபீஸ்ல சொல்றாக. அடுத்த மாசம் வரைக்கும் பேசி வச்சிருக்கேன்" என்றார்.

அப்பா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? பஜாரில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. போய்ப் பார்த்தேன். படி இல்லை, ஆஸ்பத்திரியும் பக்கம். அந்த வாடகையை என் பலகையால் கொடுக்க முடியும். ஆனால் பூவாலும் இலையாலும் முடியாது. யானையால் முடியும். அதுவும் இப்போது கேட்கிறவர்களுக்கு எல்லா யானையும் வேண்டாம், அந்த யானைதான் வேண்டும். அதற்கு இருக்கிறது போலவே வலது கொம்பு முறிந்த மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். செய்தால் கேட்ட விலை. ஜீப் முருகேசண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார், "வர்ற வண்டியெல்லாம் உன் பலகை முன்னால நிப்பாட்டுறேன் பாப்பா" என்று.

அதாவது, கொழுந்து பறித்தால் உன் சத்தியம் போகும். பறிக்காமல் இருக்க வேண்டுமென்றால், உன்னை மிதித்ததை நான் நாள் முழுக்க முறுக்க வேண்டும். இரண்டில் எது உனக்குப் பொறுக்கும்? உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். "ஆனையா சோறு போடுது? உன் கையில போடுது. முறுக்குட்டி" என்பாய். உனக்கு எப்போதும் எல்லாம் அவ்வளவு சுலபம்.

அதனால் முறுக்கிப் பார்த்தேன். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குறடை எடுத்து, கம்பியை வளைத்தேன். கை மறுக்கும் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. தும்பிக்கை, முதுகு, வயிறு, கால் என்று கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கல்லைச் சுற்றி இறுக்கும்போது மட்டும் எனக்கு உன் விலா எலும்பு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அடையாளம் காட்டியது நான்தான். அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை அம்மா. கொம்பை முறித்துவிட்டேன், அவர்கள் கேட்ட மாதிரியே. நான் செய்ததிலேயே அழகான யானை அதுதான். அழகாக வந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா நல்ல கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வித்துரு தாயி. உங்க ஆத்தா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்று என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பலகையில் வைத்தேன். வைத்துக் கம்மல்களை அடுக்கி முடிக்கவில்லை, ஒரு பெண் எடுத்துவிட்டாள். சென்னையோ கோயம்புத்தூரோ, புதுத் தாலி, பக்கத்தில் மாப்பிள்ளை.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! இது அந்த யானைதானே? இங்க ஒரு அம்மாவைக்கூட…" என்று இழுத்தாள்.

"ஆமா" என்றேன்.

"பாவம்ல. அந்த இடம் பக்கமா? ஜீப் போகுமா?"

"போகும். டிவிஷன் ரோட்டுல மூணாவது வளைவு."

அவள் கெட்டவள் இல்லை அம்மா. பாவம் என்று சொன்னபோது முகம் உண்மையாகவே வாடியது. நாளைக்கே வேறொருத்தியும் இதைத்தான் கேட்பாள். நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் நான் வழி சொன்னேன். கடைக்காரி சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, நீ கிடந்த வளைவுக்கு நானே கைகாட்டி வழி சொன்னேன். கண்ணாடியைக் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையும் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்தாள். அந்தப் படம் இப்போது யாருடைய போனிலோ இருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டு இருக்கிறேன்.

அவர்கள் ஜீப் கிளம்பியதும் பலகையை மடக்கிக் கட்டிவிட்டு நேரே எஸ்டேட் ஆபீசுக்கு நடந்தேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். வெளியே நின்ற தங்கராசு மாமா என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

ஆமாம், கொழுந்தைத் தொட்டுவிட்டேன். கைக் கத்திரியால் வெட்டித்தான் இப்போது எல்லாரும் எடுக்கிறார்கள். அதைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் கழன்றுபோகிறது. எப்படித்தான் அத்தனை வருஷம் செய்தாயோ! செய்துவிட்டு வந்து எப்படி உலையும் வைத்தாயோ! காலையில் மஸ்டருக்குப் போகும்போது பெண்கள் எல்லாரும் என்னை நடுவில் விட்டுத்தான் நடக்கிறார்கள். முன்னால் போகிறவள் தகரத்தைத் தட்டிக்கொண்டு போகிறாள். அந்த வளைவில் எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் பெரிய தைரியசாலி இல்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பலகையை விரிக்கிறேன். விரல் வீங்கிக் குறடு பிடிபடமாட்டேன் என்கிறது. மெல்லிய கம்பி வழுக்குகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்ததை இப்போது அரை நாள் வைத்துக்கொண்டு கிடக்கிறேன். பூவும் இலையும்தான் செய்கிறேன். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு "யானை இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் வாரக் கடைசியில் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறை ஏற ஆரம்பித்துவிட்டது. "என் ஒருத்தனுக்காகத்தானே இந்த வீடு? நான் கண்ண மூடிட்டா நீ தப்பிச்சிருவ" என்றார். வாயைக் கழுவுங்கள் என்று கத்தினேன். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்த சத்தத்தில் அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

அப்படிக் கத்தினவள்தான் மறுநாள் மலையில் நின்று அதையே நினைத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, தோள் வலி பொறுக்கவில்லை. அவர் போய்விட்டால் மறுநாளே பேரை வெட்டச் சொல்லிவிடலாம், மூணாறிலோ போடியிலோ ஓர் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு கல்லும் கம்பியுமாக இருக்கலாம் என்று மனசு பாட்டுக்குப் போய்விட்டது. அந்த அறைக்கு ஜன்னல்கூட வைத்துவிட்டேன் அம்மா. அப்புறம்தான் அதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்று உறைத்தது. கத்திரியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கை வலிக்கிறது போல என்று பக்கத்து வரிசைக்காரி என் பங்கையும் வெட்டிப் பையில் போட்டாள்.

உனக்குக் கொடுத்த முதல் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. அதன் மேல் இன்னொன்று கொடுத்தால் நம்புவாயோ என்னவோ, இருந்தாலும் கொடுக்கிறேன். அப்பா சாகிற நாளுக்காக நான் காத்துக்கொண்டிருக்க மாட்டேன். மாத்திரை நேரம் தவறாது. எத்தனை வருஷம் கிடந்தாலும் சரி. மஸ்டருக்குக் கிளம்பும் முன்னால் தினமும் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு இருக்க வேண்டும் என்றுதான் வைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்து, இப்போது உன் வேலைக்கும் போகிற மகள்,
பவித்ரா