ஏலத்துக்கு அடியில் கிரேஸ்

14-2-1960, ஞாயிறு, சித்தூர்
அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். மிஷன் பள்ளியின் புது டேப் ரிக்கார்டர் என் பொறுப்பு. பதியச் சொன்னார் போதகர். ஒரு வருஷமாக வாயே திறக்காத என் தம்பி சுந்தர்ராஜ்கூட பூசணிக்காய்க்குப் போட்டி போட்டான். அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

15-2-1960
கிரேஸ் டேப்பைக் காணோம். பெட்டி காலி.

16-2-1960
தொலையவில்லை. நானேதான். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்து, ஏலத்தை அதன்மேல் பதிந்திருக்கிறேன். தம்பி மனைவி கிரேஸ் பாடியது உலகத்திலேயே அந்த ஒரு டேப்பில்தான் இருந்தது. வேலூரிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் பெரிய மிஷினில் பதிந்து கொடுத்தது. பாடின அடுத்த மாதமே அவள் பிரசவத்தில் போய்விட்டாள். அவனிடம் என்ன சொல்வேன்? பாவி நான்.

28-2-1960
"அக்கா, அந்தப் பாட்ட ஒருதரம் போடேன்."
மிஷின் ரிப்பேர் என்றேன். டீச்சர் பொய் சொல்கிறாள்.
"ஏப்ரல் ஒண்ணுல திருத்தணி ஆந்திராவ வுட்டு மெட்ராஸோட சேருது. எனக்கு அங்கதான் போஸ்டிங். போகச்சொல்ல டேப்ப எடுத்துக்கினு போறேன்."
தலையாட்டினேன்.

9-3-1960
ரீலைத் தெரியாமல் புரட்டிப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் வெற்று என்றுதான் இதுவரை நினைப்பு. கிரேஸ் குரல் — கடைசியிலிருந்து முதலுக்கு, பின்னோக்கி. ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அவளேதான். நிறுத்தினேன். என்னிடம் என்ன கேட்கிறாள்? ஜெபம் பண்ணிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அவள்.

10-3-1960
கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே காதில் அது.

12-3-1960, திருப்பதி
ரேடியோ, மைக் செட் ரிப்பேர் பார்க்கும் கிருஷ்ணப்பாவிடம் டேப்பைக் கொடுத்தேன்.
"பயப்படாதீங்க டீச்சரம்மா. துரை மிஷின் டேப்போட முழு அகலத்துக்கும் பதியும். உங்க மிஷின் மேல்பாதியத்தான் அழிக்கும். கீழ்ப்பாதியில அந்தம்மா அப்படியே கீறாங்க. ரீல புரட்டிப் போட்டா அந்தப் பாதிதான் பின்னாலேர்ந்து ஓடும்."
துரையுடையதைப் போன்ற பெரிய மிஷின் ஒன்று அவரிடமும் இருக்கிறது. அதில் போட்டால் ஏலமும் பாட்டும் சேர்ந்தே வந்தன. பாட்டை மட்டும் வேறு டேப்பில் எடுத்துத் தர இரண்டு வாரம் கேட்டார்.

20-3-1960
சுந்தர்ராஜிடம் சொல்லிவிட்டேன்.
"ஏன் அப்பவே சொல்லல?"
சனிக்கிழமை திருப்பதிக்குக் கூட வா என்றேன்.

26-3-1960, திருப்பதி
பாகாலா வழியாக ரயிலில் இருவரும் வந்தோம்.
கிருஷ்ணப்பா முதலில் பழைய டேப்பையே போட்டார். கிரேஸ் பாடுகிறாள், அவள் குரலின்மேல் எங்கள் சபைச் சின்னசாமி பூசணிக்காயை ஏலம் கூவுகிறார். முதல் அடி முடிந்து அவள் மூச்சு வாங்குகிறாள். அந்த இடத்தில் ஒரு குரல் விலை கேட்கிறது.
தம்பி நிமிர்ந்தான். "அக்கா, அது நானு."
திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். கடைசியில் கிருஷ்ணப்பா, பாட்டை மட்டும் எடுத்த டேப்பை நீட்டினார். அவன் வாங்கவில்லை.
"அத அக்காகிட்ட குடுங்க. எனக்கு இந்தப் பழசு போதும். இதுல அவளும் நானும் ரெண்டு பேரும் கீறோம்."

1-4-1960, சித்தூர்
சுந்தர்ராஜ் திருத்தணியில் சேர்ந்துவிட்டான். இனி அவன் வேறு ராஜ்ஜியம்.
சாயங்காலம் என் டேப்பைப் போட்டேன். துளி இரைச்சல் இல்லை. முதல் அடி முடிந்து அவள் மூச்சு வாங்கினாள். அங்கே யாரும் விலை கேட்கவில்லை. நிறுத்திவிட்டு, அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன்.