எங்க பாட்டுல

ஐப்பசி 14, வெள்ளி

பாடு என்றால் ஏரியில் அவரவர் முறைக்கு வலை போடும் இடம் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அரசாங்கத்தின் புதிய புகார் தொலைபேசி எண்ணில் பேசும் செயற்கை நுண்ணறிவுக்குத் தெரியவில்லை. எங்கள் முறை வந்த நாளில் வெளியூர்க்காரர்கள் வந்து வலை போட்டார்கள். எம்.ஏ. படித்த அண்ணன் என்னிடம் மனு எழுதித் தரக் கேட்காமல், தம்பி அந்த இயந்திரத்திடம் போனான். "எங்க பாட்டுல வந்து ரொம்ப தொல்ல குடுக்குறாங்க" என்றானாம். இன்று போலீஸ்காரர் வந்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போனார். புகார் தீர்ந்தது என்று தம்பிக்குச் செய்தியும் வந்துவிட்டது.

ஊரே அவனைத் திட்டுகிறது. நான் சிரித்தேன்.

"சிரிண்ணா. ஞாயித்துக்கெழம பாடும் பூட்சின்னா ஊட்ல ஒல வைக்க முடியாது."

"எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த? அதாண்ட போய்க் கேளு."

அவன் போய்விட்டான். பிறகு நானே மனு எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. மனுக்களையும் இப்போது அந்த இயந்திரம்தான் படித்துப் பிரிக்கிறதாம். எனக்குக் கொடுக்காத குமாஸ்தா வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். பாடு என்று எழுதி அடித்தேன். மறுபடியும் அதையே எழுதினேன். தன்னைப் பாடச் சொல்கிறேன் என்று அது நினைத்துக்கொள்ளுமோ.