கதவைச் சாத்திக்கொண்டு ஆக்கிய பால்கறி

அன்புள்ள என் இவருக்கு,

ஊரில் யாரிடம் உங்களைப் பற்றிப் பேசினாலும் 'இவர்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்தது. அன்று உங்களைக் கேட்காமல் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வீட்டில் இருந்தவர்கள் பதினைந்து பேர்தான். பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியில் பங்கு கேட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: நம் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சமைத்தது நீங்கள். எனக்குத் தேத்தண்ணீர் போட மட்டும் தெரியும்.

தொடங்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். என் அம்மா அப்போதே இல்லை. நானோ பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்துவிட்டு வரப் பின்னேரமாகிவிடும். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்ற காலத்தில் நீங்கள் சமையல் பழகியிருந்தீர்கள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் ஊர் குருக்கள்மடத்திலிருந்து உங்கள் அம்மா, என் மாமி, வந்தார். உங்கள் கத்தரிக்காய்ப் பால்கறியைச் சாப்பிட்டுவிட்டு, "மருமகள்ர கை நல்ல கை" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள், "ஓம் அம்மா, நல்லாத்தான் ஆக்குறா" என்றீர்கள்.

மாமி போனபிறகு ஏன் என்று கேட்டேன். "நான் வேலைக்கு நிக்கிற சங்கக் கடையில தெரிஞ்சா என்னை விடுவாங்களா? பொண்டாட்டிக்குச் சோறாக்குற ஆள் எண்டு பேர் வெச்சிருவாங்க. உனக்குப் பேர், எனக்கு நிம்மதி. விடு கா."

விட்டேன். அன்றிலிருந்து நீங்கள் சமைக்கும்போது குசினிக் கதவு சாத்தியே இருந்தது. யாராவது வந்தால் நான் உள்ளே ஓடிக் கரண்டியோடு வெளியே வருவேன். நம் மகன் பேசப் பழகியபோதே "அம்மாதான் ஆக்கினவ" என்று சொல்லவும் பழக்கிவிட்டோம். அடுத்தவன் கொப்பியைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை நான் எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருப்பேன்! அப்போதெல்லாம் என் மேசைக்குக் கீழே உங்கள் கறி இருந்தது.

நீங்கள் போன பிறகு முப்பத்தோராம் நாள் காரியம் வரை அயலார் சோறு தந்தார்கள். அதன் பிறகு பாணும் வாழைப்பழமும் கடைச் சாப்பாடும். வீடியோவில் என் முகத்தைப் பார்த்த மகன், தான் வேலை செய்யும் கத்தாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு சாமான் கொடுத்துவிட்டான். ஒன்று, சோறாக்கவும் கறி வைக்கவும் அவிக்கவும் வதக்கவும் பொத்தான்கள் உள்ள மின்சாரக் குக்கர். மற்றது, ஒரே மோட்டாரில் மூன்று சாடிகளை மாற்றி மாற்றி மாட்டி அரைக்கிற மிக்ஸி. துருவிய தேங்காய்ப்பூவும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டு ஒரு சுற்று விட்டுப் பிழிந்தால் பால் வந்துவிடும். நீங்கள் பார்த்திருந்தால் தூக்கித் தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்திருப்பீர்கள்.

முதல்நாள் சோறே பிழைத்தது. குக்கரோடு வந்த சின்னக் கோப்பையை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டு, உங்கள் பால்பேணிச் சுண்டால், அந்தப் பழைய பால் டின்னால், அரிசி அளந்தேன். தண்ணீரை மட்டும் பாத்திரத்தில் போட்டிருந்த கோட்டுக்குச் சரியாக விட்டேன். அந்தக் கோடு அந்தக் கோப்பைக்கு உரியது. சுண்டு அதைவிடப் பெரிது. நம் சிவப்பரிசியோ அதிகம் தண்ணீர் கேட்பது. பல்லில் நறுக் நறுக்கென்று கடிபட்டது.

நாலாம் வகுப்பில் அளத்தல் பாடத்துக்கு நான் என்ன செய்வேன் தெரியுமா? ஒரே மேசையைப் பிள்ளைகள் எல்லோரையும் சாணால் அளக்கச் சொல்வேன். ஒருத்திக்கு ஏழு சாண் வரும், ஒருவனுக்கு ஒன்பது. "மேசை வளர்ந்துதா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அந்தப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவள்தான் இப்படி அளந்தாள்.

சோறு ஒருவாறு சரிவந்த நேரத்தில் உங்கள் தங்கச்சி வந்தா. "மச்சாள், திவசத்துக்கு மத்தக் கறியெல்லாம் நாங்க ஆக்குறம். கத்தரிக்காய்ப் பால்கறி மட்டும் நீங்க. அண்ணன் அதுக்காகத்தானே வீட்டை விட்டு எங்கயும் தங்காதவர்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? உங்கள் பேரும் என் பேரும் ஒரு சட்டிக் கறியில் இருந்தன. கையில் பதினாறு நாட்கள்.

முதல் முறை காயையும் பாலையும் ஒன்றாகப் போட்டு மூடியைப் பூட்டிக் கறிப் பொத்தானை அமத்தினேன். திறந்தபோது கத்தரிக்காயைக் காணவில்லை. காம்புகள் மட்டும் மிதந்தன; பால் திரைந்து கிடந்தது. அடுத்த நாள் நேரத்தைக் குறைத்தேன். கத்தரிக்காய் தப்பியது, பால் தப்பவில்லை.

வீடியோவில் மகனிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டான்.

"அம்மா, மூடியைப் பூட்டாதீங்க. வதக்குற பொத்தானை அமத்தி, காயைப் பொரிச்சு எடுங்க. மறுகா ரெண்டாம் பாலில அவிய விடுங்க. முதற்பால் கடைசியிலதான். அப்பா அடுப்பை நூத்து, நெருப்பு அணைஞ்ச பிறகுதான் விடுறவர்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கதவைச் சாத்தினா எனக்கென்ன? நான் உள்ளுக்குத்தானே இருந்த நான்."

நான் வெளியே அல்லவா இருந்திருக்கிறேன்? பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம்.

பதினாறு நாளில் ஒன்பது முறை ஆக்கினேன். ஏழாவது முறை பால் திரையவில்லை. ஒன்பதாவதைக் கறி என்று சொல்லலாம். உங்கள் கறி என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு எல்லோருக்கும் பரிமாறினோம். உங்கள் தங்கச்சி ஒரு வாய் வைத்தா. மெல்லுவதை நிறுத்தினா.

"மச்சாள், இது வேற மாதிரி இரிக்கு கா."

பக்கத்திலிருந்த பெரிய மச்சான், நம் சொந்தத்தில் மூத்தவர், "விடு புள்ள, கவலையில கை மாறிப்போகும்" என்றார்.

நல்ல மனிதர். வெளியேற ஒரு வழி திறந்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். மிச்சக் காலத்தையும் அந்தப் பேரோடு ஓட்டியிருக்கலாம். பிள்ளைகளுக்கு அப்படி வழி விட்டு நானும் பார்த்திருக்கிறேன். சிலர் அதில் போவார்கள். சிலர் நின்று, "இல்ல டீச்சர், நான் பார்த்துத்தான் எழுதின" என்பார்கள்.

"கை மாறல்ல மச்சான். இவ்வளவு காலமும் ஆக்கினது இவர். எனக்குச் சமைக்கத் தெரியா. இப்பதான் பழகுறன்" என்றேன்.

பந்தியில் யாரோ சிரித்தார்கள். பெரிய மச்சான், "கள்ளன்! எங்களோட இருந்து எவ்வளவு கதைச்சிருக்கான், இதை மட்டும் சொல்லல்லயே" என்று இலையைத் தட்டினார்.

உங்கள் தங்கச்சி சிரிக்கவில்லை. "எங்கட வீட்டில ஒரு கோப்பை கழுவி வெச்சிருப்பாரா?" என்று கோபமாகத் தொடங்கினா. பாதியில் குரல் இறங்கியது. "அப்ப அம்மாக்குக் கொண்டுவந்தது?"

மாமி படுக்கையில் இருந்த கடைசி மாதம் நீங்கள் சைக்கிளில் கொண்டுபோன கறியைத்தான் கேட்டா. வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுவிட்டு, 'மருமகள் நல்லா இரிக்கணும்' என்று சொன்னதாக வந்து சொல்வீர்கள்.

"அதுவும் இவர்தான்" என்றேன்.

"மகன் ஆக்கினது எண்டு தெரியாமலே போயிற்றாவே" என்றா. அவ்வளவுதான். பிறகு இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தா. எழும்பும்போது, "அண்ணன் பெருஞ்சீரகம் போடுறவர். நீங்க போடல்ல" என்றா.

பேர் எனக்கு, நிம்மதி உங்களுக்கு என்று நாம் இருவரும் பங்கு பிரித்தபோது மாமியின் பங்கு ஒன்று இருந்ததை யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்து ஊட்டிய அந்த நாட்களில் உங்களுக்குச் சொல்லத் தோன்றியதா? தோன்றி, என் பேருக்காக அடக்கிக்கொண்டீர்களா? கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் மாமியின் திவசம் வருகிறது. குக்கரைத் தூக்கிக்கொண்டு குருக்கள்மடம் போகப்போகிறேன். உங்கள் தங்கச்சியின் குசினியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெருஞ்சீரகமும் போட்டு ஆக்குவேன். படைக்கும்போது, "மாமி, இது உங்கட மகன்ர கறி. நான் பார்த்து எழுதினது" என்று சத்தமாகச் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இவ்வளவு காலமும் உங்கள் கறிக்குப் பேர் வாங்கிய,
உங்கள் மனைவி.