நைனா பஸ் ஏறினால் ஏழு

விஜயபுரம் மண்டலம்,
ஆடி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் பத்மாவதிக்கு உன் நைனா கங்கையா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி பாபுவும் எருமையும் அது போன வாரம் போட்ட கன்றும் சுகமாக இருக்கிறோம், அங்கே கவுகாத்தியில் நீயும் நீ ஓட்டுகிற ரயிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஏழுமலையானைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறேன். இவ்வளவு எழுதுவதற்கே எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது, ஏழுமலையான் பெயரில் வருகிற அந்த எழுத்துக்காக மட்டும் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துத் தண்ணீர் குடித்தேன். பத்து மாதமாகச் சுலோசனா டீச்சர் வீட்டுக்குப் போய்ப் படித்தது வீண் போகவில்லை பார். ஒரு நினைப்பு முடிகிற இடத்தில் புள்ளி வை அண்ணா என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார், எனக்கு நினைப்பு எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை, அதனால் கை வலிக்கிற இடத்தில் புள்ளி வைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டப்போவதில்லை. இதில் இருக்கிற தப்பெல்லாம் என் சொந்தத் தப்பு.

போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பாய். இருபத்தாறு வருஷம் நகரியில் விசைத்தறி ஷெட்டில் நின்ற காது இது. நீ போனில் பேசினால் பாதிதான் உள்ளே வருகிறது, மீதியை உன் அம்மா கேட்டு என் காதருகே கத்துகிறாள், அப்போது உன் வார்த்தையோடு அவளுடைய வார்த்தையும் கலந்து வந்துவிடுகிறது. எழுத்துக்குக் கத்த வேண்டியதில்லை. நீயும் வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும் என்கிறாய், கடிதத்தை யாரும் அணைக்கச் சொல்லமாட்டார்கள்.

விஷயம் உன் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற அந்த இரண்டு ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள்தான். பாபுவுக்கு ஆவணியில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிற வீட்டுப் பெண் செல்வி, நல்ல பெண், பெரியவர்களைப் பார்த்தால் தானாக எழுந்து நிற்கிறாள். அவர்கள் ஒரு பீரோ அனுப்புகிறார்கள், அது நிற்பதற்கு உள் அறையில் உன் இரண்டு பெட்டிகளும் இருக்கிற அந்த மூலையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஒரு பெட்டியை எப்படியாவது கட்டில் பக்கம் தள்ளிவிடலாம், இரண்டுக்கும் இடம் இல்லை. திருப்பதியில் உன்னோடு டிப்ளமோ படித்த சுரேஷ்பாபு, இப்போது கல்யாணங்களுக்குக் கிட்டார் வாசிக்கிறானே அவன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து ஒன்றை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். எதை வைத்துக்கொள்வது என்று உன்னைக் கேட்டதற்கு, நைனா இஷ்டம், நல்லதுன்னு படறத வச்சிக்கினு இன்னொண்ண குடுத்துடுங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணு தான் என்று நீ சொன்னதாக உன் அம்மா கத்தினாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். காது மந்தமானவனிடம் போய் எந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று கேட்பார்களா. இரண்டு எருமை இருந்தாலே ஒன்றின் மேல் கூடக் கொஞ்சம் ஆசை இருக்கும், இரண்டு பெட்டி எப்படி ஒன்றாகும். அதைச் சொல்லிவிட்டு உடனே கல்யாணப் புடவையைப் பற்றிப் பேச்சை மாற்றிவிட்டாய் என்றும் உன் அம்மா சொன்னாள். நீ ரயில்வேக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மாற்றிக் கொடுத்துவிட்டால் பெட்டி திரும்பி வராது, நீயும் பரவாயில்லை நைனா என்று சொல்லிவிட்டு அதோடு கிட்டாரையே விட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதுதான் என் பயம்.

எனக்குத் தெரிந்த வரை இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. கறுப்புப் பெட்டி நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஏதோ ஓட்டல் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தபோது வாங்கி பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்தது. விடுமுறைக்கெல்லாம் நீ வீட்டுக்கு வருவாய். நான் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கும்போது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாய், விரல் கம்பி மேல் ஓடும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது. மதியம் நான் எழுந்து சோறு துன்னும்போதும் அப்படித்தான். என் பெண்ணை யாரோ ஏமாற்றிச் செத்த பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள், அவள் வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வெறும் கம்பியைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து ஒரு வருஷம் மனசுக்குள் புழுங்கினேன். கேட்டால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் பாபுவிடம் கொடுத்து, அக்காவுக்குச் சொல்லாமல் புதுப்பெட்டி வாங்கி வா என்று திருப்பதிக்கு அனுப்பினேன். அதுதான் சாம்பல் நிறப் பெட்டி. அதைப் பார்த்து நீ அழுதாய், நான் சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நினைத்தேன். அன்று எனக்கு முன்னால் நீ அதில் வாசித்தபோது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி எனக்கே கேட்டது. ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தீர்த்தேன். ஆகையால் செத்ததைக் கொடுத்துவிட்டு நல்லதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு இவ்வளவு போதும், விரல் மடங்கவில்லை.

புதன்கிழமை எழுதுவது. என் முடிவைக் கெடுக்க இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாபுவிடம் சொன்னேன், அவசரப்படாத நைனா என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். உன் அம்மாவிடம் சொன்னேன், கறுப்புப் பெட்டிய குடுத்துட்டா நான் வடகத்தட்ட எங்கய்யா வைப்பேன், உன் தல மேலயா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடகத்துக்காக யாராவது முகத்தைத் திருப்புவார்களா. சுரேஷ்பாபு போன் செய்தான், பாபு ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பழைய கறுப்பு டப்பா உனக்கு எந்துக்கு மாமா, வீட்ட அடச்சிக்கினு கெடக்குது, அத நான் எடுத்துக்கினு போறேன், புதுச நீயே வச்சிக்கோ என்றான். நான் ஏமாற்றுகிறவன் இல்லை, அதில் சத்தம் வராதப்பா, விளக்கு மட்டும்தான் எரியும் என்று உள்ளதைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அதுல சத்தம் வராதா மாமா, யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். பிறகும் இரண்டு தடவை போன் செய்து கறுப்பு எனக்குத்தானே என்று உறுதி கேட்டான். தொழில் தெரிந்தவன் செத்த பெட்டிக்கு ஏன் இப்படி அலைகிறான், அது செத்தது என்றால் நீ ஏன் இத்தனை வருஷம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாய், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போய் இதையே நினைத்துக்கொண்டு நாலு நல்ல செடியைப் பிடுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. பத்மா, நேற்று ஒன்று நடந்தது, அதை நிதானமாக எழுதுகிறேன். வருகிறவன் தூசியோடு பார்க்க வேண்டாம் என்று கறுப்புப் பெட்டி மேலிருந்த வடகத்தட்டை இறக்கி, துணியை எடுத்துத் துடைத்தேன். திருகுகளுக்குப் பின்னால் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டியிருந்தது, அதில் பேனாவால் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத நாளிலேயே உன் எழுத்து ஒரு பக்கமாகச் சாயும் என்பது தெரியும், அதே சாய்வு. கண்ணாடி போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதலில் வந்தது நைனா. அடுத்த வரியிலும் நைனா. மூன்றாவது வரியிலும் நைனா. நைனா தூங்கினால் 1. நைனா முழித்திருந்தால் 2. நைனா பஸ் ஏறினால் 7. சரியாகத்தான் படித்தேனா என்று மூன்று தடவை படித்தேன். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது, தூங்கினால் ஒன்று முழித்தால் இரண்டு. நான் பஸ் ஏறுவதற்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம். பெட்டியில் பெரிய திருகைப் பார்த்தேன், சுற்றிலும் எண் போட்டிருந்தது, அதன் கோடு 1 என்ற எண்ணில் நின்றது.

உன் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள், அதையும் கத்திச் சொன்னாள், அதனால் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவும் சுவர் மேலே தலையை நீட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டாள். ராத்திரி பூரா தறிச் சத்தத்துல நின்னுக்கினு வர்ற மனுசன், வீட்லயாவது காது குளிர இருக்கட்டும்னு அவ தானா சத்தத்த கொறச்சிக்கினாய்யா என்றாள் உன் அம்மா. சாயங்காலம் ஆறு மணி பஸ்சு உன்ன ஏத்திக்கினு தெருமுனையில திரும்பினதும் இந்தப் பெட்டி எழுந்துக்கும் அண்ணா, நான் அடுப்ப அணச்சிட்டு வந்து இங்க நிப்பேன், தெருவே நிக்கும், ஊர்ல கேக்காத ஒரே ஆளு பஸ்சுல போன நீ தான் என்று சந்திரம்மா சொன்னாள். நல்லது செய்கிறேன் என்று சாம்பல் பெட்டியை வாங்கிக் கொடுத்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று உன் அம்மாவைக் கேட்டேன். சொல்லக் கூடாது என்று நீ அவளிடமும் பாபுவிடமும் சத்தியம் வாங்கினாயாம். அவன் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன், ஆமா நைனா, நீ அவ்ளோ சந்தோசமா இருந்த என்றான்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தானே என் முன்னாலேயே எழுதி ஒட்டி வைத்தாய். நான் தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் சட்டையை எடுப்பேன். நீ எனக்காகச் சத்தத்தைக் குறைத்திருக்கிறாய், எனக்கோ ஒன்றும் கேட்காது, இரண்டும் கேட்காது, நீ ஐந்தில் வைத்திருந்தாலும் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். யாரைப் பார்த்துச் சிரிப்பது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். இப்போது பாதி புரிகிறது, கறுப்பை வைத்துக்கொள் என்று நீ சொன்னால் நான் வாங்கிக் கொடுத்ததை விற்கச் சொன்னதாக ஆகிவிடும், அதனால்தான் இரண்டும் ஒன்று என்றாய். அப்படித்தானா, இல்லை நைனா வாங்கிக் கொடுத்தது என்று சாம்பல் பெட்டி மேல் உண்மையிலேயே ஆசை வைத்திருக்கிறாயா. இந்த இடத்தில் மறுபடியும் குழம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுரேஷ்பாபு வந்து போய்விட்டான். வந்ததும் வராததுமாகக் கறுப்புப் பெட்டிக்குத்தான் கயிறு போட்டான். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆட்டோவில் இருக்கிற உன் கிட்டாரை அதில் மாட்டு, ஏழில் வைத்து வாசி என்று அவனிடம் சொன்னேன். ஏழா, வீடு தாங்காது மாமா என்றான். தெரு தாங்கியிருக்கிறது, வீடு தாங்காதா, வை என்றேன். சுவிட்சைப் போட்டான், கம்பியைத் தட்டினான், சத்தமே இல்லை. பார்த்தாயா செத்ததுதான் என்று நான் சொல்வதற்குள், சூடாவட்டும் மாமா, உள்ள வால்வு இருக்குது, விறகு அடுப்பு மாதிரி பத்திக்கறதுக்கு நேரம் புடிக்கும் என்றான். அப்புறம் ஒரு தட்டுத் தட்டினான். பத்மா, எனக்குக் கேட்டது. காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலமாரியில் டம்ளர் ஆடியது, கொட்டகையில் எருமை கயிற்றை இழுத்தது, அவன் கையை எடுத்த பிறகும் சத்தம் வாசல் வரை போய் நிதானமாகத் திரும்பி வந்தது. தறி நூறு ஓடினாலும் ஒரு சத்தத்தையும் தனியாக எடுத்துப் பார்க்க முடியாது, இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நகரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் இதுதான் நடந்திருக்கிறது.

சாம்பல் பெட்டியை எடுத்துக்கொள் என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. மாமா, நான் தொழில் பண்றவன், உனக்கு காதே கேக்காது, உனக்கு எதுக்கு மாமா இது என்றான். உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்து, கேக்காதவருக்குத்தான்டா பெரிய சத்தம் வேணும், உனக்கு எதுக்கு, காபிய குடிச்சிட்டு கெளம்பு என்றாள். சிரித்துக்கொண்டே சாம்பல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், அவனும் நல்ல பையன்தான். ஆட்டோ திரும்பும்போது எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், அது என் போனஸ், நான் உனக்கு வாங்கிக் கொடுத்த பெரிய சாமான் அது ஒன்றுதான். கறுப்புப் பெட்டி கட்டில் பக்கம் போய்விட்டது, வடகத்தட்டுக்கு வேறு இடம் பார்த்தாகிவிட்டது.

ஆனாலும் நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ நினைத்தது சாம்பல் பெட்டியாக இருந்தால் என்னைத் திட்டி எழுது, போனில் திட்டினால் பாதிதான் கேட்கும், எழுது, படித்துக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, இன்று நான் கேட்டது சுரேஷ்பாபுவின் வாசிப்பு. இந்தக் கறுப்புப் பெட்டியில் உன் வாசிப்பு எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவில் எனக்கு மட்டும் இன்னும் தெரியாது. கல்யாணத்துக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாயா, நாலு நாள் முன்னாலேயே வா, கிட்டாரையும் எடுத்து வா.

பாபுவின் மார்க்கர் பேனாவை வாங்கி அந்தப் பிளாஸ்டரில் உன் மூன்று வரிக்குக் கீழே நான் ஒரு வரி எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் கடைசி எழுத்து பெட்டி மேலேயே போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. நைனா வீட்டில் இருந்தால் 7.

உன் கை விரலும் உன் வண்டிச் சக்கரமும் தடம் மாறாமல் நல்லபடி ஓட வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் தலைமேல் கை வைத்து வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, அங்கே மழை அதிகமாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மறக்காதே, எஞ்சினில் ஏறும்போது காதுக்கு வைக்க ஏதோ கொடுக்கிறார்கள் என்றாயே, அதைப் பையிலேயே வைத்திருக்காமல் காதில் வை. நான் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
கட்டை விரலில் மை தடவாமல் கையெழுத்துப் போடும்
உன் நைனா
கங்கையா